இரண்டு கிலோ கூடுதலாகச் சொன்ன பெட்டிகள்

அத்தியாயம் 3

“மேடம், ஏறுனது நீங்க ஒருத்தங்கதான். ஆனா வண்டி ஒரு கல்யாண வீட்டையே ஏத்துன மாதிரி முக்குதுங்க.”

அந்தோனிமுத்து ஓட்டோவை ஹட்டனிலிருந்து வட்டவளைக்கு இறக்கிக்கொண்டிருந்தான். பின்னிருக்கையில் குணபூசணிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி தனி ஆசனம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் பத்துக் கிலோ எடைக்கற்கள் இரண்டும் ஐந்து கிலோக் கல் ஒன்றும் இருந்தன.

குணபூசணி அளவை நிறுவைப் பரிசோதகர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மலையகத்திலேயே பதினெட்டு வருடங்கள் தங்கிவிட்டவர். அந்தோனிமுத்துவின் ஓட்டோவில் ஆறு வருடங்களாக ஊர் சுற்றுகிறார். இருவரும் கடைத்தெருவில் இறங்கினால் முதலாளிமார் தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் இன்று அவருக்கு லீவு. பெட்டியில் இருந்தவை திணைக்களத்துக் கற்களும் அல்ல. சொந்தச் சம்பளத்தில் வாங்கி, வருடா வருடம் சரிபார்த்து, சுவாமி அறையில் வைத்திருப்பவை.

“விஷயத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ அந்தோனி. பகிடி இல்லாமல்.”

“பகிடி இல்லாமன்னா ரெண்டு வரிதாங்க. என் சித்தப்பா மக ஜொய்சி, தராசு வச்ச பயணப் பெட்டி செய்யுது. அந்தப் பெட்டி பொய் சொல்லுது.”

“மூண்டாவது வரி?”

“இன்னைக்கு மூணு மணிக்குள்ள ஏன் பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கலன்னா, இருநூறு பெட்டி ஓடர் கையை விட்டுப் போகும். பெட்டிக்கு எலக்ட்ரிக் வேலை செய்யிற நிதுஷனுக்கு வேலையும் போகும். அவனுக்குப் போன மாசந்தான் ரெண்டாவது புள்ள பொறந்துச்சு.”

குணபூசணி நெற்றியில் திருநீறு மழை ஈரத்தில் கரைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடினமான வேலை ஒன்று வரும்போது அவர் எப்போதும் அப்படித்தான் செய்வார்.

*

ஜொய்சியின் பட்டறை, வட்டவளை ஸ்டேஷனுக்குக் கீழே, ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. பாண் வாசமும் ரெக்சின் வாசமும் ஒன்றாக வீசின. ஐந்து பெண்கள் தையல் இயந்திரங்களில் குனிந்திருந்தார்கள். எல்லோரும் ஒரு காலத்தில் மலையில் கொழுந்து பறித்தவர்கள்.

மேசையில் நீல நிறப் பெட்டிகள் மூன்று. ஜொய்சி ஒன்றைத் திறந்து காட்டினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரவு முழுவதும் தூங்காத கண்கள்.

“இது சாதாரணப் பெட்டி மாதிரிதாங்க மேடம் இருக்கும். உள்துணிக்குக் கீழ ஒரு தகடு இருக்கு. உள்ள வைக்கிற சாமானோட எடை அந்தத் தகட்டுல விழும். ஆனா பெட்டிக்கும் சொந்த எடை இருக்கில்லீங்களா? மூணு கிலோ. அதை நிதுஷன் முதல்லயே உள்ள பதிஞ்சு வைப்பாரு. ரெண்டையும் கூட்டி, கைப்பிடிகிட்ட இருக்கிற சின்னத் திரையில காட்டும். வெளிநாட்டு வேலைக்குப் போற பொம்பளைங்களுக்காகத்தான் செஞ்சேன். ஏர்போட்டுல போய் நின்னுக்கிட்டு அவமானப்படாம, வீட்டுலயே பாத்துக்கலாம்.”

“நல்ல யோசனை. பிறகு?”

“நேத்து கொழும்புல இருந்து வினோதா மிஸ் வந்தாங்க. பொம்பளைங்களை அனுப்புற ஏஜென்சியில சாமான் வாங்குறவங்க. அவங்க கைத்தராசையும் கொண்டு வந்திருந்தாங்க. அதுல இருபத்தெட்டு. நம்ம பெட்டியில முப்பது. மூணு பெட்டியிலயும் அதே கதை. ‘நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன், காரணம் சொல்லுங்க, இல்லன்னா வேற இடம் பாக்குறேன்’னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

குணபூசணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பத்துக் கிலோக் கல்லைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார். திரையில் 15 வந்தது. இன்னொரு பத்தை வைத்தார். 25. ஐந்தையும் வைத்தார். 30.

“தகட்டிலை ஒரு பிழையும் இல்லை. பத்துக்குப் பத்து, ஐஞ்சுக்கு ஐஞ்சு, சரியாத்தான் கூட்டுது. தராசு நேர்மையானது. அதுக்கு ஆரோ பிழையான கணக்குச் சொல்லிக் குடுத்திருக்கினம். பெட்டியின்ர சொந்த எடையைக் காட்டுங்கோ பாப்பம்.”

சுவரோரம் நின்றிருந்த நிதுஷன் முன்னால் வந்தான். மெலிந்த மனிதன். சட்டைப் பையில் டெஸ்டர் ஒன்று எட்டிப் பார்த்தது. பெட்டியின் அடியில் இருந்த சிறிய பொத்தானை அழுத்தி, வாய்விட்டு ஏழு வரை எண்ணினான். திரையில் 5.0 என்று மின்னியது. மின்னும்போது மறுபடி அழுத்தினால் எண் மாறும்.

“மூணுதாங்க பதிஞ்சேன்.” அவன் கைப்பேசியை நீட்டினான். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மூன்று படங்கள். மூன்றிலும் 3.0.

“படத்தை எடுத்துட்டு மாத்தியிருக்கலாம்ல?” ஜொய்சி அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். “ஹட்டன்ல பிரதாப் முதலாளி பேக் கடையில உன்னைய வேலைக்குக் கூப்பிட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“கூப்பிட்டாருக்கா. நான்தான் போகலையே!”

“அப்ப பிரதாப்பைப் புடிச்சிருவோம் மேடம்!” அந்தோனிமுத்து ஓட்டோச் சாவியைச் சுழற்றினான். “எனக்கு அவன் மேல ரொம்ப நாளா சந்தேகம். போன நத்தாருக்கு வாங்குன பேக்கு, பெரிய வெள்ளிக்கு முன்னாடியே கைப்பிடி கழண்டுருச்சு.”

“இருங்கோ அந்தோனி. இந்தப் பெட்டியை ஒருத்தன் கெடுக்க நினைச்சா என்ன செய்வான்?”

“எடையை மாத்துவான்.”

“எந்தப் பக்கம்?”

அந்தோனிமுத்துவின் கையில் சாவி சுழல்வது நின்றது.

“மூண்டை ஒண்டு ஆக்குவான்,” என்றார் குணபூசணி. “அப்ப பெட்டி குறைச்சுக் காட்டும். வாங்கின பிள்ளை நம்பி அடுக்கிக்கொண்டு போய், ஏர்போட்டிலை பிடிபடும். ஒரே வாரத்திலை ஜொய்சியின்ர பேர் கெட்டுப் போகும். இது அப்பிடி இல்லையே. கூட்டிக் காட்டுது. இந்தப் பெட்டியை நம்பினவள் ஒருத்தியும் பிடிபட மாட்டாள். பொய்தான், ஆனா பகையாளியின்ர பொய் இல்லை. ஏர்போட்டிலை ஒருக்கா பயந்து போன ஆரோ ஒருவரின்ர பொய்.”

நிதுஷன் மூச்சை விட்டான்.

“இந்தப் பொத்தானைப் பற்றி ஆருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்குந்தாங்க,” என்றான் அவன் வெட்கத்துடன். “நான் சத்தமா எண்ணுவேன். பழக்கமாப் போச்சு.”

*

குணபூசணி ஒரு சின்ன வலை விரித்தார்.

கோப்பைகளில் பால் சேர்க்காத ப்ளேன்ட்டி வந்து, பெண்கள் இயந்திரங்களை விட்டு எழுந்த நேரம் அது. அவர் ஒவ்வொருவரோடும் தனித்தனியாகக் கதைத்தார். “என்ர தங்கச்சியின்ர மகள் மதுரா கட்டாருக்குப் போறாள். முப்பது கிலோ கொண்டு போகலாம் எண்டு பிளேன் ரிக்கட்டிலை கிடக்கு. எவ்வளவு அடுக்கட்டும் எண்டு சொல்லுறது?”

மதுரா உண்மையாகவே கட்டாருக்குப் போகிறாள். துப்பறிவதற்காகக்கூடப் பொய் சொல்ல குணபூசணிக்கு மனம் வராது.

அந்தோனிமுத்துவின் காதில் மட்டும் ரகசியத்தைச் சொல்லியிருந்தார். “எண்ணை மாத்தின ஆள் முப்பது எண்டு சொல்லாது. மனசிலை கிடக்கிற கணக்கு வாயிலை வரும்.”

முதல் பெண், “முப்பதுன்னா முப்பதுதாங்க” என்றாள். இரண்டாவது பெண் விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். மூன்றாவது பெண்ணும் நான்காவது பெண்ணும் முப்பது. ஐந்தாவது சுதர்ஷினி. ஐந்து பேரிலும் அவள் ஒருத்திதான் வெளிநாடு போய் வந்தவள். குணபூசணி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

“முப்பதுக்கு முப்பதும் அடுக்கச் சொல்லுங்க மேடம்,” என்றாள் சுதர்ஷினி பட்டென்று. “நான் முப்பத்தொண்ணே கொண்டு போனேன். கவுண்டர்ல இருந்த தம்பியைப் பாத்துச் சிரிச்சேன், விட்டுட்டான்.”

ஜொய்சியையும் கேட்டார். நிதுஷனையும் கேட்டார். இருவரும் முப்பது.

பன்னிரண்டு மணிச் சங்கு தொழிற்சாலையில் ஊதியது. குணபூசணி படியில் உட்கார்ந்துவிட்டார்.

“வலையில நெத்தலி கூட விழலையே மேடம்,” என்றான் அந்தோனிமுத்து, பேக்கரியில் வாங்கிய, மீன் வைத்த மாலு பாணைக் கடித்தபடி. “ஆனா உங்க மதுரா பாப்பா மேல இந்த ஊருக்கு ரொம்பப் பாசங்க. ப்ளேன்ட்டி ஊத்துன அக்கா கூட, போகும்போது கீழ என்னைய நிப்பாட்டிச் சொல்லிட்டுப் போனாங்க. ‘உங்க மேடத்துகிட்ட சொல்லுங்க, அந்தப் புள்ள இருபத்தெட்டோட நிப்பாட்டிக்கிறட்டும்’னு.”

குணபூசணி மெதுவாகத் திரும்பினார்.

“எவ்வளவோட?”

“இருபத்தெட்…” மாலு பாண் பாதி வழியில் நின்றது. “ஐயோ, அந்தோனியாரே!”

“இதை எப்ப சொன்னவ?”

“பதினொரு மணிக்குங்க. நீங்க உள்ள இருக்கிறவங்களைத்தானே விசாரிச்சீங்க? தேத்தண்ணி ஊத்துறவங்க கணக்குல வர மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சிட்டன்,” என்றார் குணபூசணி. அவருடைய முகம் சிவந்துவிட்டது. “ஏழு பேரிட்டைக் கேட்டன். தேத்தண்ணி தந்த மனிசியின்ர முகத்தைக் கூடச் சரியாப் பாக்கேல்லை. பிழை உங்களிலை இல்லை அந்தோனி. எழும்புங்கோ.”

ஜொய்சியிடம் விசாரித்தார்கள். பெயர் ஐவி. காலை ஏழுக்கு வந்து பட்டறையைத் திறந்து கூட்டிப் பெருக்குவார். தேநீர் ஊற்றிவிட்டுப் பதினொன்றுக்குப் போய்விடுவார். நேற்று வினோதா வந்தது மாலையில். ஆகவே நடந்த கலவரம் எதுவும் ஐவிக்குத் தெரியாது. மேலே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறார்.

“ஐவிக்காவா?” ஜொய்சி நம்பவில்லை. “அவங்க பெட்டியைத் துடைக்கிறப்பக்கூட நோகாமத் துடைப்பாங்க மேடம்!”

*

தோட்டத்து ரோட்டில் ஓட்டோ குதித்துக் குதித்து ஏறியது. மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி வழியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் சாக்குகளோடு பெண்கள் வரிசையாக நின்று ரோட்டை அடைத்திருந்தார்கள். பகல் நிறுவை நடந்துகொண்டிருந்தது. தராசு முள் பதினான்கில் நின்றது. நிறுப்பவர் பன்னிரண்டு என்று சத்தமாகச் சொன்னார். அடுத்தது பதினொன்று. ஒன்பது என்றார்.

குணபூசணி ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். “பிள்ளை, ரெண்டு எங்கை போச்சுது?”

கேட்கப்பட்ட பெண், இப்படியும் ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள். “சாக்குக்கும் தண்ணிக்கும் கழிப்பாங்க. எப்பவும் ரெண்டுதாங்க.”

“வெயில் நாளிலும்?”

“வெயில் நாளுலயுந்தான். வெயிலுக்குன்னு வேற தராசா வச்சிருக்காங்க?”

வரிசை முழுவதும் சிரித்தது. குணபூசணி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சிறு கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதினார். “இதுக்கு நான் வேலை நாளிலை வரவேணும்,” என்று சொல்லிக்கொண்டார். பிறகு, எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுப் பேனாவை மூடினார். “அந்தோனி, ஏன் ரெண்டு எண்டு காலையிலை இருந்து யோசிச்சுக்கொண்டிருந்தன். ஏன் ஒண்டு இல்லை, மூண்டு இல்லை? இப்ப விளங்குது.”

“எனக்கு வெளங்கலீங்க. ஆனா வரிசை வெலகுது, போறோம்.”

ஐவி லயத்தில் இல்லை. செவ்வாய்க்கிழமையாதலால் அந்தோனியார் கோயிலைக் கழுவப் போயிருப்பதாக அயல்வீட்டில் சொன்னார்கள். கோயில், மேட்டில் ஒரு சவுக்கு மரத்தடியில், பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவில் இருந்தது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தும்புத்தடியால் படியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாங்க வாங்க. என்னாங்க மேடம், இம்புட்டுத் தூரம்? அந்தப் புள்ளை எப்பப் போகுது?”

குணபூசணி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப்படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “வெள்ளிக்கிழமை. ஐவி அக்கா, இருபத்தெட்டோட நிப்பாட்டச் சொன்னீங்களாம். ஏன்?”

“அதுங்களா…” ஐவி தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார். “நான் குவைத்துல ஒம்பது வருசம் இருந்தவங்க. மொதத் தடவை திரும்பி வர்றப்ப, வீட்டுக்கார அம்மா தராசுல நிறுத்துப் பாத்தேன். சரியா முப்பது. ஏர்போட்டுல முப்பத்திரண்டுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் பாக்கத் தரையில குந்திப் பெட்டியைத் தொறந்தேன். என்ன செய்யிறது? ரெண்டு சேலையை எடுத்து, கட்டியிருக்கிறதுக்கு மேலயே சுத்திக்கிட்டேன். சுவெட்டர் ஒண்ணைப் போட்டேன், அதுக்கு மேல இன்னொண்ணு. பலாப்பழம் மாதிரி நிக்கிறேன், இன்னும் ஒரு கிலோ கூடவாம். மிச்சம் இருந்தது என் நாத்தனாருக்கு வாங்குன அயன் பெட்டி. அயன் பெட்டியை எங்கங்க போட்டுக்கிறது?”

அந்தோனிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஐவியும் சிரித்தார்.

“அப்ப எனக்குப் பின்னால நின்ன ஒரு புள்ள, எங்க ஏஜென்சிப் புள்ளதான், ஒரே பஸ்சுல வந்தது. ‘என் பெட்டியில ரெண்டு கிலோ இடம் இருக்குக்கா, தாங்க’ன்னு வாங்கி வச்சுக்கிச்சு. கட்டுநாயக்கா ஏர்போட்டுல எறங்குனதும் கையில குடுத்துட்டு, தம்பி வந்திருக்கான்னு ஓடிப் போச்சு. பேரு கூடக் கேக்கலீங்க நான். இப்ப நினைச்சாலும் அந்த வெக்கம் போகல.”

அவர் கைகளை மடியில் துடைத்துக்கொண்டார்.

“அந்த நன்மையை யாருக்குங்க திருப்பிச் செய்யிறது? ஜொய்சி புள்ள செய்யிற பெட்டியைப் பாத்ததும்தான் புத்தியில வந்துச்சு. போன சனிக்கிழமை பெட்டியைத் துடைச்சப்ப, நிதுஷன் எண்ணுற மாதிரி ஏழு எண்ணி, மூணை அஞ்சாக்கிட்டேன். இனிமே ஒவ்வொரு புள்ள பெட்டியிலயும் அதுக்கே தெரியாம ரெண்டு கிலோ இடம் இருக்கும். அதுவும் மாட்டிக்கிறாது. பக்கத்துல ஒருத்தி தரையில குந்திக்கிட்டு அழுதாலும், வாங்கி வச்சுக்கலாம்.”

குணபூசணிக்கு, பயந்தவரின் பொய் என்று காலையில் அவ்வளவு உறுதியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பயம் இல்லை. இன்னொருத்திக்காக ஒதுக்கி வைத்த இடம்.

“அது பொய்யெண்டு உங்களுக்குத் தெரியேல்லையோ அக்கா?”

“பொய்யா?” ஐவி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “தராசுன்னா அப்படித்தானேங்க? மடுவத்துல ரெண்டு கழிக்கிறாங்க. ஏர்போட்டுல ரெண்டு கூட்டுறாங்க. நான் பொறந்ததுல இருந்து பாத்த எல்லாத் தராசும் ரெண்டு கிலோ அந்தப் பக்கந்தாங்க நின்னுச்சு. இது ஒண்ணாவது நம்ம பக்கம் நிக்கட்டும்னுதான் வச்சேன்.”

குணபூசணி அவருடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, தராசு ஒருத்தற்ற பக்கமும் நிக்கக் கூடாது. எங்கட பக்கமும் நிக்கக் கூடாது. நடுவிலை நிண்டாத்தான் நாளைக்கு மடுவத்துக்குப் போய், ‘ஏன் ரெண்டைக் கழிக்கிறீங்கள்’ எண்டு நான் கேக்கலாம். உங்கட மனசிலை குற்றம் இல்லை. ஆனா நேற்று அந்த ரெண்டு கிலோ பிடிபட்டுப் போச்சுது. நிதுஷன்தான் செய்தவர் எண்டு நினைக்கினம். மூண்டு மணிக்கு அவற்ற வேலை போகப் போகுது.”

ஐவி எழுந்துவிட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

“கைப்புள்ளக்காரன்ங்க அவன்!” வாளியில் இருந்த தண்ணீரைப் படியில் ஒரே வீச்சாக ஊற்றினார். கோயிலை நோக்கி அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார். “சாமி, மிச்சத்தை வந்து தேய்க்கிறேன். தம்பி, வண்டியை எடுங்க!”

*

நிதுஷன் பட்டறையில் காத்திருக்கவில்லை. வட்டவளைச் சந்தியில், டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவர்களும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹட்டன் பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தான்.

அந்தோனிமுத்து ஓட்டோவை பஸ்ஸுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பஸ் சாரதி சிங்களத்தில் அவனுடைய பரம்பரை முழுவதையும் விசாரித்தார். “சமாவென்ன மாத்தயா, ஹதிஸியக்!” என்று மன்னிப்பையும் அவசரத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக் கும்பிட்டபடியே அவன் நிதுஷனின் சட்டையைப் பிடித்து இறக்கினான்.

“என்னாண்ணே, என்னைய விடுங்க. ஜொய்சியக்கா முகத்துல முழிக்க முடியல.”

“நீ முழிக்க வேணாம். இந்த அக்கா முழிக்கட்டும். ஏறு.”

பட்டறைக்குள் அவர்கள் நுழைந்தபோது வினோதா ஏற்கெனவே வந்திருந்தாள். கையில் கைத்தராசு. கண்ணாடிக்குப் பின்னால் அவசரப்படாத கண்கள்.

குணபூசணி வாயைத் திறப்பதற்கு முன்பே ஐவி முன்னால் போய் நின்றார். யாரும் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார். குவைத்து, அயன் பெட்டி, பெயர் தெரியாத பெண், சனிக்கிழமை, மூன்று, ஐந்து. சொல்லி முடித்துவிட்டு, “அந்தத் தம்பி ஒண்ணும் செய்யலீங்க. போகச் சொல்றதுன்னா என்னையச் சொல்லுங்க,” என்றார்.

ஜொய்சி நிதுஷனைப் பார்த்தாள். பார்க்க முடியாமல் குனிந்தாள். பிறகு நடந்து போய், அவன் தோளிலிருந்த பையைத் தன் கையாலேயே இறக்கி, அவனுடைய மேசையில் வைத்தாள். “என்னைய மன்னிச்சிக்க நிதுஷன். உன் படத்தை நான் நம்பியிருக்கணும். அதுக்கு முன்னாடி உன்னையே நம்பியிருக்கணும்.”

“பரவால்லக்கா,” என்றான் அவன்.

வினோதா தொண்டையைச் செருமினாள். “மனசு நல்ல மனசுதான். அதை நான் ஒத்துக்கிறேன். ஆனா தப்பான எடை காட்டுற பெட்டியை நான் வாங்க முடியாதுங்க. நாளைக்கு ஒரு பிள்ளை வேற தராசுல நிறுத்துப் பாத்தா, எங்களைத்தான் கேக்கும்.”

“வாங்கவே கூடாது,” என்றார் குணபூசணி. “முதலாவதா நான் விட மாட்டன்.”

“அப்ப?”

நிதுஷன் மேசையில் இருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

“பேட்டரி குறைஞ்சா எரியிறதுக்கு ஒரு மஞ்ச லைட் வச்சிருக்கேன்,” என்றான் நிதுஷன், தனக்குத்தானே பேசுவதுபோல. “அதை இருபத்தெட்டுல எரிய வைக்கலாங்க. நம்பர் உண்மையான நம்பராவே இருக்கும். மூணை மூணாவே வச்சிருவோம். லைட்டு மட்டும், ‘இதோட போதும், ரெண்டு கிலோ இடத்தை விட்டு வை’ன்னு சொல்லும். விடுறதும் விடாததும் அந்தப் பிள்ளையோட இஷ்டம்.”

ஐவி அவனை நிமிர்ந்து பார்த்தார். “அதைச் செய்ய முடியுமா தம்பி?”

“இருபது நிமிசம் குடுங்க.”

பதினேழு நிமிடம்தான் ஆனது. குணபூசணி எடைக்கற்களைத் தூக்கினார். பத்து வைத்தபோது 13. இருபது வைத்தபோது 23. ஐந்து கிலோக் கல்லைக் கடைசியாக இறக்கியபோது திரையில் 28 வந்தது. அதன் பக்கத்தில் கடுகளவு மஞ்சள் வெளிச்சம் ஒன்று விழித்தது. வினோதா தன் கைத்தராசில் பெட்டியை மாட்டித் தூக்கினாள். இருபத்தெட்டு.

“மேடம், இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒரே கதையைச் சொல்றாங்க,” என்றான் அந்தோனிமுத்து. “சாட்சிகளைப் போகச் சொல்லிரலாமா?”

வினோதா முதல் முறையாகச் சிரித்தாள். “நாங்க ஒரு தடவைக்கு ஆறு பிள்ளைங்களை ஒண்ணா அனுப்புவோம். ஒரே பஸ், ஒரே ஃப்ளைட். ஆளுக்கு ரெண்டு கிலோன்னா பன்னிரண்டு கிலோ. ஒருத்திக்கு ஒரு அவசரம்னா மத்த அஞ்சு பேர் கைகுடுக்கலாம்.” ஒரு கணம் யோசித்தாள். “ஆனா தெரியாத ஆட்கள்கிட்ட எதையும் வாங்கக் கூடாதுன்னு நாங்க கண்டிப்பாச் சொல்லுவோம். எங்க பிள்ளைங்களுக்குள்ள மட்டுந்தான்.”

“அது சரிங்க,” என்றார் ஐவி. “தெரியாத ஆளுன்னா நானே வாங்க மாட்டேன்.”

“இருநூறு இப்ப முடியாது ஜொய்சி. நேத்து நடந்ததை நான் ஒஃபிஸ்ல சொல்லித்தான் ஆகணும். ஐம்பது எடுக்கிறேன். அது சரியா வந்தா மிச்சத்தைப் பேசுவோம்.”

ஜொய்சியின் முகம் ஒரு கணம் வாடியது. இருநூறை நம்பி ஒரு தையல் இயந்திரத்துக்கு முற்பணம் கொடுத்திருந்தாள். ஆனால் ஐவி கைகூப்பினார். “அம்பது புள்ளைங்களா! மாதாவே.” அதைக் கேட்டதும் ஜொய்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வினோதா கையொப்பமிட்டுவிட்டு ரயிலுக்குப் போனாள். குணபூசணி கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மரப்பெட்டியில் அடுக்கினார். பெண்கள் இயந்திரங்களுக்குத் திரும்பினார்கள். ஐவி மட்டும் கதவோரம் நின்றார், போவதா நிற்பதா என்று தெரியாமல்.

“ஜொய்சி, நான் நாளைக்கு வரணுமா, வேணாமா? சொல்லிரு புள்ள. நேராவே சொல்லிரு.”

ஜொய்சி புதிதாகத் தைத்து முடித்த பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“வரணும். ஆனா பதினொரு மணிக்குப் போக முடியாது. இனிமே இங்கேயிருந்து போற ஒவ்வொரு பெட்டியையும் கடைசியாப் பாக்கிறது நீங்கதான். ஏழு எண்ணி, சொந்த எடை சரியா இருக்கான்னு பாத்து, உங்க பேரை உள்ள எழுதணும்.”

“நானா? அதை மாத்துனவளே நான்தானே!”

“அதனாலதாங்க,” என்றான் அந்தோனிமுத்து. “எந்த எடத்துல மாத்தலாம்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

“மறுபடி அஞ்சாக்கிட்டா?” என்று நிதுஷன் கேட்டான்.

“ஆக்குனா என்னைய இந்த மேடத்துகிட்டப் பிடிச்சுக் குடுத்துருங்க.”

ஐவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். குனிந்து பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு என்று அவர் எண்ணத் தொடங்க, நிதுஷனும் சேர்ந்து எண்ணினான். நான்கில் தையல்காரப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏழில் எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஐவி திரையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

“மூணு,” என்றார், பட்டறை முழுவதற்கும் கேட்கும்படி.